கதவோரம் நீ இருந்தால்...

அந்தக் குழந்தை அழவே இல்லை.

அதுதான் லிண்டெல்வாவுக்கு முதலில் உறுத்தியது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. டாக்ஸி வேனின் கூரையில் யாரோ ஆணிகளை அள்ளி வீசுவதுபோலச் சத்தம். பதினைந்து பேர் உட்கார வேண்டிய வண்டியில் பத்தொன்பது பேர். டிரைவர் வேறு, பாட்டை அலறவிட்டிருந்தான். இத்தனைக்கும் நடுவில், பக்கத்தில் இருந்தவளின் மடியில், மஞ்சள் போர்வைக்குள், கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு கிடந்த அந்தக் குழந்தை ஒரு சிணுங்கல்கூடச் சிணுங்கவில்லை.

'கைக்குழந்தையோடு மழையில் நிற்கிறாளே' என்று பரிதாபப்பட்டு நகர்ந்து இடம் கொடுத்தவளே லிண்டெல்வாதான். ஏறியவள் ஒரு நன்றி சொன்னாள். அவ்வளவுதான். ஒட்ட வெட்டிய தலைமுடியில் மழைத்துளிகள் மணிமணியாக நின்றன. புருவத்தின் குறுக்கே இன்னும் சரியாக ஆறாத ஒரு காயம். அந்தக் காயத்துக்குக் கீழே...

அந்தக் கண்கள்!

லிண்டெல்வா சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். இப்படித் திருப்பிக்கொள்வதில் அவளுக்குப் பத்து வருடப் பழக்கம்.

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பக்கத்தில் இருந்தவளின் மடியிலிருந்து மூட்டை சரிந்தது. லிண்டெல்வா பதறிப்போய் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள். கல் மாதிரி கனம்! குல்லாய்க்குள் போன விரலில் கன்னம் தட்டுப்படவில்லை. சில்லென்று, வட்டமாக... கண்ணாடி!

"என் பிள்ளையைக் கொஞ்சம் மெதுவாப் பிடிங்க சிசி," என்று அக்கா முறை சொல்லி அழைத்தது காதோரம் ஒரு குரல். குரலுக்குள் சிரிப்பு ஒளிந்திருந்தது.

"இது... இது என்னத்தைச் சாப்பிடும்?"

"கரண்ட்டு."

"பேரு?"

"இன்னும் வைக்கல. படம் காட்டுற மெஷினுக்கு ஏத்த மாதிரி நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்களேன்."

படம்! லிண்டெல்வாவின் கைப்பையின் அடியில், நாலாய் மடித்த ஒரு காகிதம் கிடந்தது. மூன்று வாரத்துக்கு முன் அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு வந்த நர்ஸ் தொஸாமா, மருந்துச் சீட்டோடு சேர்த்து நீட்டிய காகிதம். 'வியாழன் மதியம் இரண்டு மணி. குழந்தைகள் பள்ளி ஹால். நம்மைப் பற்றிய படம்.' தொஸாமா எதுவும் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. 'நம்மை' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் நாற்பது தடவையாவது படித்திருப்பாள். எப்படித் தெரிந்தது இவர்களுக்கு? நான் யாரிடமும் சொன்னதில்லையே... கண்ணாடியிடம்கூட!

வியாழக்கிழமை கடை அரைநாள். அம்மாவுக்கோ மாதர் ஜெபக் கூட்டம். 'தையல்காரியிடம் அளவு கொடுத்துவிட்டு வருகிறேன்' என்று ஒரு பொய். அவ்வளவு சுலபமாகத்தான் கிளம்பி வந்திருந்தாள். இப்போது கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

டிரைவர் பாட்டைக் குறைத்தான்.

"கேட்டீங்களா சனங்களே? இன்னைக்குக் குழந்தைங்க பள்ளிக்கூட ஹாலுல ஒரு படமாம். பொண்ணும் பொண்ணும் காதலிக்குமாம்! எங்க ம்டான்ட்சானே ஊருக்கு வந்த கதியைப் பாருங்க."

"யாரு போறாங்களாம்?" என்று பின்சீட்டிலிருந்து ஒருவன்.

"யார் போறாங்கன்னு பாக்கத்தான் நம்ம பசங்க போறாங்க. போய் நல்லாக் கவனிக்கப் போறாங்களாம்."

வண்டி முழுக்கச் சிரித்தது. லிண்டெல்வாவும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடுமே!

அவீவேயையும் இப்படித்தான் 'கவனித்தார்கள்'. பள்ளியில் இவளுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள். போன குளிர்காலத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்துப் புல்காட்டில்... ஜெர்சியை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள். அந்தச் சாவு வீட்டுக்கு லிண்டெல்வா போகவில்லை. போனால் அழுதுவிடுவாள். அழுதால், 'நீ ஏன் இவ்வளவு அழறே?' என்று யாராவது கேட்பார்கள்.

பக்கத்தில் இருந்தவள் சிரிக்கவில்லை. மூட்டையை மட்டும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து முன்சீட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தொப்பி திரும்பியது. மாட்லோமோ! அம்மாவின் ஜெபக் கூட்டத் தோழி. சிவப்பு ஜாக்கெட், கழுத்தில் வெள்ளைக் காலர், மடியில் வேதப் புத்தகம்.

"அடியே லிண்டெல்வா, நீயா? தெரியவே இல்லையே... அது யாரு பிள்ளை? ஆணா பொண்ணா? இப்படிக் குடும்மா, ஒரு ஜெபம் பண்ணித் தரேன்."

கை நீண்டது. போர்வையின் நுனியைப் பிடித்தது. மஞ்சள் போர்வைக்காரியின் முகத்தில் ரத்தமே இல்லை. வண்டி முழுக்க இவர்களைப் பார்த்தது...

"தொடாதீங்கம்மா!" என்றாள் லிண்டெல்வா. தன் குரல்தானா அது? "அம்மை போட்டிருக்கு. நேத்துதான் எங்க கடையில மருந்து வாங்கிட்டுப் போனாங்க. ஒட்டிக்கும்."

நீண்ட கை நெருப்பைத் தொட்டதுபோல் பின்வாங்கியது. பின்சீட்டுக்காரன் ஜன்னல் பக்கமாக ஒட்டிக்கொண்டான். டிரைவரோ, "அம்மையா? யம்மா, முதல்ல எறங்குங்க தாயே!" என்று குழந்தைகள் பள்ளி முனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டான்.

இறங்கும்போது அவள் குனிந்தாள். மழை வாசனையோடு ஒரு மூச்சு இவள் காதில் பட்டது.

"பொய் சொல்றதுல கெட்டிக்காரியா இருக்கீங்க சிசி... ரொம்ப நாள் பழக்கமோ?"

சுருக்கென்றது லிண்டெல்வாவுக்கு. காப்பாற்றினதுக்கு இதுவா கூலி? என்ன திமிர்! ஆனால் படியில் இறங்கி நின்றவள் ஒரு நொடி திரும்பிப் பார்த்தாள். 'நீயும் இங்கேதானே இறங்கணும்?' என்று அந்தக் கண்கள் கேட்டன. கைப்பையை இவள் பிடித்திருந்த விதத்திலேயே கண்டுபிடித்துவிட்டாளோ?

மாட்லோமோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிண்டெல்வா எழுந்திருக்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

ஜெபக் கூடத்து வாசலில் மாட்லோமோ இறங்கிக்கொண்டாள். அதற்கு அடுத்த நிறுத்தத்தில் லிண்டெல்வா இறங்கினாள். வீட்டுக்குப் போகும் வண்டி எதிரிலேயே நின்றது. ஏறிவிட்டால் போதும். எல்லாம் முடிந்துவிடும். இன்னும் பத்து வருடம் பார்வையைத் திருப்பிக்கொண்டே...

மழையில் திரும்பி நடந்தாள். இரண்டு நிறுத்தம் தள்ளி இருந்தது ஹால். ஒவ்வொரு காருக்கும் முகத்தைக் குடையால் மறைத்துக்கொண்டு, தெரிந்த வீடு வந்தால் எதிர்ப்பக்கம் கடந்து, வேகமாக நடந்தாள்.

இரும்புக் கம்பிக் கதவுக்குப் பின்னால் மரக்கதவு. தட்டினாள். மரக்கதவு ஒரு விரற்கடை திறந்தது. இடுக்கில் ஒரே ஒரு கண்.

"யாரு?"

"பிள்ளைக்கு அம்மை எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்," என்றாள் லிண்டெல்வா விறைப்பாக.

அந்தக் கண் விரிந்தது. பிறகு கதவும்.

"நான் பூமேசா," என்றாள் மஞ்சள் போர்வைக்காரி, பூட்டைத் திறந்தபடியே.

"லிண்டெல்வா."

"காத்திருந்து கிடைச்சவன்னு அர்த்தம் இல்ல? பொருத்தமான பேருதான். இருபது நிமிஷமாக் கதவையே பாத்துட்டு நிக்கிறேன்."

"என்னையா?"

"பின்னே அந்த டிரைவரையா?"

குளிரில் விறைத்திருந்த கன்னம் எப்படித்தான் அப்படிச் சூடானதோ!

உள்ளே ஜன்னல்களுக்கெல்லாம் சாம்பல் நிறக் கம்பளிகளை ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். குழந்தைகளின் குட்டிக் குட்டி நாற்காலிகளில், முழங்கால் தாடையை இடிக்க, இருபத்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். லிண்டெல்வா திகைத்துப் போனாள். ரொட்டிக் கடையில் நிற்கும் பெண். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். தெருமுனையில் கார் கழுவுகிற பையன்கள் இருவர், கையோடு கை கோத்தபடி. இத்தனை பேரா? இத்தனை நாளும் இதே தெருக்களில்தானா நடந்தார்கள்? நர்ஸ் தொஸாமா ஒரு டம்ளர் சூடான தேநீரைக் கையில் திணித்தாள். "வந்துட்டியா?" என்றாள்.

படத்தில் ஒரு பதினாலு வயதுப் பெண். இவர்களைப் போலவே கறுப்புப் பெண். ஊர்க் குத்துச்சண்டைக் கூடத்தில் பையன்களோடு பயிற்சி எடுக்கிறாள். அங்கே புதிதாக வந்து சேர்கிற இன்னொரு பெண்ணின் கையில் துணிப்பட்டை சுற்றிவிடுகிறாள். சுற்றச் சுற்ற அவள் விரல்கள் மெதுவாகின்றன... முடிச்சுப் போட மனமே வரவில்லை...

லிண்டெல்வா தேநீரைக் குடிக்க மறந்தாள். திரையில் அது அவள்தான். சொந்த முகத்தை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தாள். கண்ணீர் வழிந்து தேநீரில் விழுந்தது.

அப்போதுதான் முதல் கல் கூரையில் விழுந்தது.

இரண்டாவது. மூன்றாவது. பிறகு இரும்புக் கதவில் தடியால் அடிக்கும் சத்தம். டணார்... டணார்...

"வெளிய வாங்கடி! யாரு யாருன்னு மூஞ்சியைப் பாக்கணும்!"

யாரோ வீறிட்டார்கள். நாற்காலிகள் கவிழ்ந்தன. கணக்கு ஆசிரியர் சுவரோடு ஒட்டிக்கொண்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டார். தொஸாமா போனைக் காதில் வைத்துக்கொண்டு, "போலீஸ்ல வரோம்னு சொல்றாங்க, எப்பன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க," என்றாள்.

லிண்டெல்வா பாய்ந்து பூமேசாவின் கையைப் பிடித்தாள். "படத்தை நிறுத்துங்க!"

"மாட்டேன்."

"நிறுத்துங்கன்னா! வெளிச்சம் தெரியுது..."

"நிறுத்தினா நாம ஏதோ தப்புப் பண்ணின மாதிரி ஆயிடும்."

"செத்துப் போனா?"

பிடித்திருந்த பூமேசாவின் கை பனிக்கட்டியாக இருந்தது. 'திமிர் பிடித்தவள்' என்று தான் நினைத்த அதே பெண்ணின் கை! அந்தப் பெரிய கண்கள் மெஷினையோ திரையையோ பார்க்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தன.

"பூட்டை உடைங்கடா!" என்றது வெளியே ஒரு குரல்.

லிண்டெல்வா பூமேசாவின் கையை விட்டாள். ஆயிரம் குரலுக்கு நடுவில் கேட்டாலும் அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வயதிலிருந்து அந்தக் குரல்காரனுடைய கையுறைக்கு முடிச்சுப் போட்டவள் அவள்தான். மலூசி. அவளுடைய அண்ணன். ஊரே பெருமையாகப் பேசும் குத்துச்சண்டைக்காரன்.

சமையலறைப் பக்கம் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அதன் வழியாக ஓடிவிடலாம். கார் கழுவும் பையன்கள் ஏற்கெனவே அதைத்தான் நெம்பிக்கொண்டிருந்தார்கள். ஓடினால் அவனுக்குத் தெரியவே போவதில்லை...

கால்கள் கதவை நோக்கி நடந்தன. ஏன் என்று அவளுக்கே தெரியாது.

"லிண்டெல்வா!" என்று பின்னால் பூமேசா கத்தினாள். "வேண்டாம்!"

மரக்கதவைத் திறந்தாள்.

கம்பிக் கதவுக்கு அந்தப்புறம், ஓங்கிய தடியோடு மலூசி. அவனுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். மழை அவன் முகத்தில் வழிந்தது. தடி அந்தரத்திலேயே நின்றது.

"அண்ணா... நான்தான்."

"நீ... நீ இங்க என்ன பண்ற?"

"படம் பாக்க வந்தேன்."

"யாரு கூட்டிட்டு வந்தா? சொல்லு. எவ கூட்டிட்டு வந்தா?"

"யாரும் கூட்டிட்டு வரல. நானாத்தான் வந்தேன்." கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இது என்னைப் பத்தின படம்ண்ணா."

சொல்லிவிட்டாள்! பத்து வருடம் பொத்திப் பொத்தி வைத்தது, ஒரு மூச்சில் வெளியே வந்து மழையில் நின்றது.

மலூசியின் தாடை இறுகியது. கம்பிகளுக்கு இடையில் கை வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று அவள் நினைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிடிக்கவில்லை. திறந்தபோது அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தான். திரையில் அந்தப் பெண் சத்தமில்லாமல் குத்து வாங்கிக்கொண்டிருந்தாள்... விழுந்தாள்... எழுந்தாள்.

"உள்ள யாருடா மலூசி?" என்றான் பின்னால் ஒருவன்.

மலூசி தடியைக் கீழே இறக்கினான்.

"பாக்ஸிங் படம்டா," என்றான் மலூசி. குரல் கரகரத்தது. "பொண்ணுங்க பாக்ஸிங். வாங்க போலாம்."

"டேய், என்னடா சொல்ற? டாக்ஸி டிரைவர் சொன்னது..."

"போலாம்னு சொன்னேன்ல!"

ஊர்ச் சாம்பியன் கத்தினால் எதிர்த்துப் பேச அங்கே யார் இருக்கிறார்கள்? போகிறபோக்கில் ஒருவன் எறிந்த கல் ஜன்னலை உடைத்தது. பிறகு மழைச் சத்தம் மட்டும்.

லிண்டெல்வாவின் கால்கள் அப்போதுதான் மடங்கின. தரையில் விழுமுன் இரண்டு கைகள் தாங்கிக்கொண்டன.

"பைத்தியமா நீ?" என்றாள் பூமேசா, அழுகையும் கோபமுமாக. "பைத்தியமா... பைத்தியமா நீ?"

'நீங்க' எப்போது 'நீ' ஆயிற்று என்று இருவரும் கவனிக்கவில்லை.

மீதிப் படமும் முடிந்து லிண்டெல்வா வெளியே வந்தபோது, தெருமுனைக் கடையின் தகரக் கூரைக்கு அடியில் மலூசி தனியாக நின்றிருந்தான். அவளைக் கண்டதும் நடக்க ஆரம்பித்தான். அவன் முன்னால், அவள் பத்தடி பின்னால். வீடு வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் தேவலை. அடித்திருந்தால்கூடத் தேவலை. அவன் முதுகை மட்டுமே பார்த்தபடி நடந்தாள். அந்த முதுகுக்குள் என்ன ஓடுகிறது?

அன்று இரவுச் சாப்பாட்டில் அவன் வாயைத் திறந்தான்... லிண்டெல்வாவின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

"உப்புக் குடு," என்றான்.

வெள்ளி போயிற்று. சனி போயிற்று. அவன் 'அம்மா' என்று கூப்பிடும்போதெல்லாம் அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். எப்போது சொல்லப் போகிறான்? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவளுக்கும் அம்மாவுக்கும் நடுவில்தான் உட்கார்ந்தான். இத்தனையிலும், கண்ணை மூடினால் இரண்டு பெரிய கண்களும், புருவத்துக் காயமும்... சீ, இந்த நிலைமையிலும் மனசுக்கு வெட்கம் இல்லை!

திங்கட்கிழமை மதியம் மருந்துக் கடைக் கதவு திறந்தது.

"இருமலுக்கு ஏதாவது குடுங்க," என்றாள் பூமேசா. ஒரு இருமலும் இல்லை. முகம் முழுக்கச் சிரிப்பு. "வியாழக்கிழமையிலருந்து இங்க ஒரு மாதிரி அடைக்குது." கையை நெஞ்சில் வைத்துக் காட்டினாள்.

லிண்டெல்வாவின் உதடு தன்னால் விரிந்தது. "வறட்டு இருமலா, சளி இருமலா?"

"பாத்தாதான் சரியாப் போற இருமல்."

"அடி லிண்டெல்வா!"

அலமாரிக்குப் பின்னாலிருந்து மாட்லோமோ எட்டிப் பார்த்தாள். எத்தனை நேரமாக அங்கே நிற்கிறாளோ! கண்களைச் சுருக்கிப் பூமேசாவை மேலும் கீழும் அளந்தாள்.

"நீ அந்த அம்மைப் பிள்ளையோட அம்மா தானே? பிள்ளை எங்க? ... ஏன்டி, அந்தக் கேடுகெட்ட படத்தைக் கொண்டு வந்தவளுக்கும் மொட்டைத் தலை, புருவத்துல காயம்னு சொன்னாங்களே. உனக்கு இவளைத் தெரியுமா? சிநேகிதியா?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

ஒரு சொல். 'ஆமாம்' என்று ஒரே ஒரு சொல். தடி பிடித்த எட்டுப் பேர் முன்னால் வந்த துணிச்சல், ஒரு வெள்ளைத் தொப்பிக்கு முன்னால் எங்கே போயிற்று?

"இல்லம்மா," என்றாள். "கடைக்கு வர்றவங்கதான். வேற ஒண்ணும் இல்ல."

பூமேசாவின் சிரிப்பு அணைந்தது. சத்தமே இல்லாமல் அணைந்தது.

"ஆமாம்மா," என்றாள் மாட்லோமோவிடம். "வேற ஒண்ணும் இல்ல. பிள்ளை நல்லாயிருக்கான்." லிண்டெல்வாவை அவள் பார்க்கவே இல்லை. "வியாழக்கிழமை ஊரை விட்டுக் கிளம்பிடுவோம். கடலோரம் மீன்பிடிக்காரங்க ஷெட்ல மதியம் ஒரு வேலை இருக்கு. அது முடிஞ்சா அப்படியே பஸ்."

மருந்தை வாங்காமலே போய்விட்டாள்.

புதன்கிழமை மாலை. அம்மா பக்கத்து வீட்டில். லிண்டெல்வா அடுப்படியில் சோளக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். தூக்கமில்லாமல் இமைகள் வீங்கியிருந்தன. மலூசி வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். கையில் துணிப்பட்டையைச் சுற்றத் தொடங்கினான். சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான்.

"அந்தப் பொண்ணு..." என்றான்.

வந்துவிட்டது! கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"படத்துல. இடது கையை ரொம்பக் கீழ எறக்கி வச்சிருந்தா. அப்படி நின்னா தாடையில விழத்தான் செய்யும்." தரையைப் பார்த்தபடியே கேட்டான். "ஜெயிச்சாளா?"

லிண்டெல்வா நிமிர்ந்து பார்த்தாள். தலையை ஆட்டினாள். "பாயிண்ட்ல."

"அவளைப் பத்தி வீட்ல தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"கடைசிச் சண்டைக்கு யாரு அவ பக்கம் நின்னது? தண்ணி குடுக்க, துண்டு போட... அப்பன் வந்தானா?"

"வரல அண்ணா. கடைசி வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்தா. வரல."

மலூசி துணிப்பட்டையை மறுபடி அவிழ்த்தான். கஞ்சி தளதளவென்று கொதித்தது.

"வந்திருக்கணும்," என்றான்.

அவ்வளவுதான். லிண்டெல்வா அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, முந்தாநாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுதாள். அவன் தொடவில்லை. தேற்றவில்லை. கையைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"எனக்கு இது புரியல," என்றான் கடைசியில். "பிடிக்கவும் இல்ல. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அன்னைக்கு... என் கையில தடி இருந்துச்சு. நீ கதவைத் திறக்காம இருந்திருந்தா..." முடிக்கவில்லை. எழுந்துகொண்டான். "நாளைக்கும் படம் பாக்கப் போறதுன்னா போ. அம்மா ஜெபத்துலருந்து வர அஞ்சு மணி ஆகும். அவங்ககிட்ட இப்போதைக்கு எதுவும் வேண்டாம். அஞ்சுக்குள்ள வந்துடு. நான் ரோட்டு முனையில நிக்கிறேன்."

வியாழன். மழை விட்டிருந்தது. ஆனால் கடல் சீறிக்கொண்டிருந்தது. மீன்பிடிக்காரர்களின் ஷெட்டில் வலைகளை ஓரமாகக் குவித்துவிட்டு, ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள் பூமேசா. காலடிச் சத்தம் கேட்டு வெடுக்கெனத் திரும்பினாள். கையில் சுத்தியல்.

"கடைக்கு வர்றவங்களைத் தேடிக் கடைக்காரங்க வர்றது புதுசா இருக்கே," என்றாள்.

"திட்டு. நல்லாத் திட்டு."

"எதுக்குத் திட்டணும்? நமக்குள்ள வேற ஒண்ணும் இல்லையே."

"பயந்துட்டேன் பூமேசா."

அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சுத்தியல் மெல்லத் தாழ்ந்தது.

"நீ பயப்படலாம். எல்லாருக்கும் தெரியும்படி பயப்படலாம்," என்றாள் பூமேசா, வேறெங்கோ பார்த்து. "நான்தான் சிரிச்சுக்கிட்டே இருக்கணும். மெஷின்காரி பயந்தா யாரு படம் பாக்க வருவா?" புருவத்துக் காயத்தைத் தொட்டாள். "இது போன மாசம் விழுந்த கல்லு. அதுக்கு முன்னாடி ஒரு மெஷினையே உடைச்சாங்க. ஒண்ணு சொல்லட்டுமா? இந்தப் படத்தைப் பத்தொன்பது தடவை ஓட்டிட்டேன். கடைசிக் காட்சியை ஒரு தடவைகூடப் பாத்ததில்ல."

"ஏன்?"

"கதவைப் பாத்துட்டு நிப்பேன். எல்லா ஊர்லயும். யார் வருவாங்களோ, எப்ப வருவாங்களோன்னு கதவையே..." குரல் உடைந்தது. "எனக்கும் பயமாயிருக்கு லிண்டெல்வா. எப்பவும். தூங்கும்போதுகூட."

லிண்டெல்வா அருகில் போனாள். பூமேசாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். இந்த முறை பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. மழை கழுவிய ஜன்னல் மாதிரி இருந்தன அந்தக் கண்கள்... உள்ளே ஒருத்தி தனியாக, வெகுநாளாக நின்றுகொண்டிருந்தாள்.

வெளியே ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். குனிந்த தலையோடு, ஒருவரை ஒருவர் பார்க்காமல். வந்தவர்கள் வலைமூட்டைகள் மேல் உட்கார்ந்தார்கள். படம் தொடங்கியது.

தூரத்தில் ஏதோ வண்டி உறுமும் சத்தம். நிற்கப் போகிறதா, கடந்து போகப் போகிறதா, தெரியவில்லை. பூமேசாவின் தலை சட்டென்று கதவின் பக்கம் திரும்பியது.

லிண்டெல்வா ஒரு காலி மீன்பெட்டியை இழுத்துக்கொண்டு போய்க் கதவோரம் போட்டாள். திரைக்கு முதுகைக் காட்டி, கதவைப் பார்த்து உட்கார்ந்தாள். வண்டியின் உறுமல் இன்னும் கேட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"என்ன பண்ற?" என்று கிசுகிசுத்தபடி வந்தாள் பூமேசா.

"நான்தான் ஒரு தடவை முழுசாப் பாத்துட்டேனே. இன்னைக்கு நீ படத்தைப் பாரு. நான் கதவைப் பாத்துக்கறேன்."

"உனக்குப் பயமா இல்லையா?"

"உயிர் போற மாதிரி பயமாயிருக்கு," என்றாள் லிண்டெல்வா, கதவிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு பூமேசா. இது வேற ஒண்ணும் இல்லாத விஷயம் இல்ல. போ... போய் முன்னாடி உக்காரு."